வன்னியில் கனோ ஓடலாமோ? எந்தத் தண்ணி, எந்தக் கிழமை, என்ன வள்ளம்

நாலுதுடுப்பு
வணக்கம். நாலு பேர் மார்கழி கடைசியில வவுனியாவுக்கு வாறம், தை முடியுமட்டும் நிப்பம். எல்லாரும் அமெரிக்காவில மிசூரிப் பக்கத்து ஊற்று ஆறுகளில கனோ வலிச்சுப் பழகின ஆக்கள். நாளுக்கு 15, 20 கிலோமீற்றர் ஆத்தோட இறங்கி, இரவு மணல்திட்டில கூடாரம் அடிச்சு, விடிய மிச்சத்தை ஓடி முடிக்கிறதுதான் எங்கட வழக்கம். அப்பிடி ரெண்டுநாள் பயணம் ஒண்டு கனகராயன் ஆத்திலயோ அருவியாத்திலயோ சரிவருமோ? ஆக்களிட்ட என்ன கேக்கோணும், எதைக் கொண்டுவரோணும் எண்டும் சொன்னால் உதவி.

படிவுப்பாறை
சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் பழகிய ஆறும் இங்குள்ள ஆறும் வேறு சாதி.

மிசூரியின் கரண்ட் ஆறு போன்றவை கரையும் பாறைக்குள் தேங்கிய நிலத்தடி நீரில் ஓடுபவை. பெரிய ஊற்று ஒன்று மட்டுமே சராசரியாக நாளொன்றுக்கு 100 கோடி லீற்றருக்கு மேல் கக்குகிறது. நீரின் வெப்பம் வருடம் முழுக்க 14 பாகை அளவில் நிற்கும். மழை இல்லாத மாதத்திலும் கனோ மிதக்கும். புளோரிடாவின் ஊற்று ஆறுகளும் அப்படித்தான், அங்கே நீர் 22 பாகை.

வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது பழைய பளிங்குருப்பாறை. அதன் மேலே உடைந்து உக்கிய மெல்லிய படையில்தான் நீர் நிற்கும், ஆற்றை வருடம் முழுக்க ஓட்ட அது போதாது. சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணத்திலிருந்து முழங்காவில், முருங்கன் பக்கமாக மேற்குக் கரையோரம் இறங்குகிறது. அங்கே நல்ல நிலத்தடி நீர் இருக்கிறது. ஆனால் அது ஆழத்தில் அடைபட்டுக் கிடக்கிறது, குழாய்க்கிணறு அடித்தால் கிடைக்கும், ஆறாக வெளியே வராது. கீரிமலை போன்ற ஊற்றுகூடக் கடலோரத்தில்தான் வெளிப்படுகிறது.

ஆகவே கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு, பேராறு எல்லாமே மழை ஆறுகள். ஐப்பசியில் தொடங்கி தை வரை பெய்யும் மழைதான் அவற்றின் உயிர். மாசி பங்குனியில் மணல், ஆடியில் அதே மணலில் குழி தோண்டித்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். அருவியாறு மட்டும் கொஞ்சம் வேறு. 164 கிலோமீற்றர் நீளம், மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு, மேலே அனுராதபுரத்துக் குளங்களிலிருந்து வடியும் நீரும் வருவதால் கூடுதல் நாள் ஓடும்.

அலைகரை
மேல சொன்னது சரி. அதோட இன்னொண்டு. வன்னியில ஓடுற தண்ணியை விட நிக்கிற தண்ணிதான் கனோவுக்குத் தோது. எங்கட ஆறுகளை முந்தின ஆக்கள் மறிச்சுக் குளமாக்கிப்போட்டினம். பாலியாறு வவுனிக்குளத்தில நிக்குது, பேராறு முத்தையன்கட்டில நிக்குது, கனகராயன் ஆறு இரணைமடுவில நிக்குது. ரெண்டுநாள் ஆத்துப் பயணம் எண்ட எண்ணத்தை விட்டிட்டு, ரெண்டு மூண்டு குளம், ஒவ்வொண்டிலயும் காலமை நாலு மணித்தியாலம் எண்டு போடுங்கோ. அதில கிடைக்கிறது ஆத்தில கிடையாது. அலைகரைப் பக்கம் (குளக்கட்டுக்கு எதிர்ப்பக்கத்துக் கரை) தண்ணிக்குள்ள நிக்கிற மருது, தாமரைப் பத்தைக்குள்ள தாழைக்கோழி, பட்டமரம் முழுக்க நீர்க்காகம்.

தை நடுப்பகுதி நல்ல காலம். காலபோகத்துக்கு (மாரி நெல்லுக்கு) மழைத் தண்ணி போதுமாய் இருக்கிறபடியால் குளம் நிரம்பி நிக்கும், சிறுபோகத்துக்கு (கோடை நெல்லுக்கு) துருசு, அதான் மதகு, திறக்கேல்லை. மார்கழி கடைசி எண்டால் வாடைக்காத்தும் மழையும் எப்ப அடிக்கும் எண்டு சொல்லேலாது. தைப்பொங்கலுக்குப் பிறகு வாற கிழமைகளைப் பிடியுங்கோ.

நாலுதுடுப்பு
விளங்கீட்டுது. ஆனாலும் ஆறு எண்டு மனம் இழுக்குது. மழை விட்டுப் பத்து நாளில அருவியாத்தில 10 கிலோமீற்றராவது?

துருசடி
தம்பி, மழை விட்டதா எண்டு உங்கட தலைக்கு மேல பாத்துக் காணாது. அருவியாத்து வெள்ளம் அனுராதபுரத்தில பெய்யிற மழையில வரும். இங்க வெயில் எறிக்க ஆறு ஏறும். தந்திரிமலை நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஒவ்வொரு நாளும் வெளியிடுது. மூண்டு நாள் அடுத்தடுத்துப் பாருங்கோ. இலக்கம் குறைஞ்சுகொண்டே போகோணும். ஒருநாள் கூடினாலும் அண்டைக்கு ஆத்துக்குப் போகாதேங்கோ. இறங்குற தண்ணியில போகலாம், ஏறுற தண்ணியில இறங்கக்கூடாது. இதுக்கு விதிவிலக்கு இல்லை.

குளத்துக்குக் கீழ இருக்கிற ஆத்துத் துண்டு எதுவும் வேண்டாம். இரணைமடுவுக்குக் கீழ கண்டாவளைப் பக்கம் பாத்தால் அமைதியான ஆறு மாதிரி இருக்கும். குளம் 36 அடிக்கு நிரம்பி வான்கதவு (மிஞ்சின தண்ணியை ஆத்துக்கு விடுற கதவு) திறக்கிறது ஒரு பெரிய மழையிலயே நடக்கும். 2018 மார்கழி 21, 22 இரவு வெள்ளத்தில என்ன நடந்தது எண்டு கிளிநொச்சியில ஆரையும் கேளுங்கோ.

வாடைக்காத்து
ஆற்றில் நான்கு விடயங்கள்தான் ஆளைக் கொல்லும். வேகம் அல்ல, வேகம் இங்கே பெரிதாக இல்லை.

முதலாவது விழுந்த மரம். வெள்ளம் கரை அரித்து மருதமரத்தைக் குறுக்கே சாய்த்துவிடும். தண்ணீர் கிளைகளுக்குள்ளால் போகும், ஆள் போகமுடியாது. ஊற்று ஆற்றிலும் இது உண்டு, ஆனால் அங்கே ஆட்கள் வாள் கொண்டுபோய் வழி வெட்டி வைத்திருப்பார்கள். இங்கே யாரும் வெட்டுவதில்லை. வளைவு தெரிந்ததும் உள்வளைவுக் கரையில் நிறுத்தி, ஒருவர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். கனோ பக்கவாட்டாக மரத்தில் மோதிவிட்டால் மரத்தின் பக்கம் சாயுங்கள். மனம் எதிர்ப்பக்கம் சாயத்தான் சொல்லும். சாய்ந்தால் மேல்நீரோட்டப் பக்கத்து விளிம்பு அமிழ்ந்து, ஓரிரு செக்கனில் அரைத்தொன் தண்ணீர் உள்ளே. பிறகு நாலு பேர் இழுத்தாலும் வராது.

இரண்டாவது மணல் கிடங்கு. கள்ளமாக மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் ஆள் தாழும். கனோவை இழுத்துக்கொண்டு நடக்கும் இடத்தில் எல்லோரும் கனோவின் விளிம்பைப் பிடித்தபடிதான் நடக்கவேண்டும், முன்னால் போகிறவர் துடுப்பால் குத்திப் பார்க்கவேண்டும். லைஃப் ஜக்கெற் கழற்றவே கூடாது.

மூன்றாவது தாழ்ந்த கிளையில் குளவிக்கூடு. நிழலுக்காகக் கரையோரம் ஒட்டிப் போகாதீர்கள். நான்காவது பாலங்களும் தாம்போதிகளும் (வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாலங்கள்). தாம்போதிக்கு மேலாகத் தண்ணீர் பாயும் உயரத்தில் அதன் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் உருண்டு திரும்பி இழுக்கும். அங்கே கனோவைத் தூக்கி நடந்து கடக்கவேண்டும்.

மருதங்கேணி மச்சான்
காத்து ஊதுற கனோ ஒண்டு வாங்கி பாக்கில போட்டுக்கொண்டு வந்தால் என்ன? விமானத்தில 20 கிலோவுக்குள்ள வரும்.

அலைகரை
மச்சான், கடலுக்கு வேணுமெண்டால் சரி. குளத்துக்கு வேண்டாம். குளம் கட்டேக்க, பிறகு கட்டை உயர்த்தேக்க, உள்ளுக்குள்ள நிண்ட காடு தண்ணிக்குள்ள போனது. பாலையும் வீரையும் தண்ணிக்குள்ள உக்காது, முனை ஈட்டி மாதிரி நிக்கும். தண்ணி மட்டத்துக்கு ஒரு சாண் கீழ நிக்கிற கட்டைதான் மோசம், கண்ணுக்குத் தெரியாது. அதில காத்துக் கனோ ஏறினால் நடுக்குளத்தில நிண்டுகொண்டு பசை தேடோணும்.

கெட்டிப் பிளாஸ்ரிக்கில வார்த்த மேல்இருக்கைக் கயாக் நல்லது. ரெண்டு பேருக்கானது 12 அடி சொச்சம் நீளம், 30, 35 கிலோ பாரம். கிழக்குக் கரையிலயும் கல்பிட்டியிலயும் வாடகைக்கு விடுற ஆக்கள் இருக்கினம், நாள் கணக்கில பேசி எடுக்கலாம். கட்டையில உரஞ்சினால் கீறல்தான் விழும். பைபர் வள்ளம் எண்டால் வெடிப்பு விழும். சங்கத்து மீன்பிடி வள்ளத்தைக் கேக்கலாம்தான், அது உழைக்கிற ஆக்களின்ர சாமான். காலமை வலை எடுக்க வேணும் அவைக்கு.

நாலுதுடுப்பு
கட்டையில ஏறி நடுவில தட்டி நிண்டால் என்ன செய்யிறது?

வாடைக்காத்து
எழும்பி நிற்கக்கூடாது, துள்ளக்கூடாது. அநேகமாக அணியம் (முன்முனை) ஏறிக் கடந்து, வயிற்றில் தட்டி நிற்கும். வந்த வழியால்தான் கழற்றவேண்டும். முன்னால் இருப்பவர் இருக்கையில் இருந்தபடி பின்பக்கம் நகரவேண்டும், பாரம் பின்னே போனதும் இருவரும் சேர்ந்து பின்வலிப்பு வலிக்கவேண்டும். அப்படியும் வராவிட்டால் இருவரும் இடுப்பை ஒரே நேரத்தில் மெதுவாக இடம் வலமாக அசைத்தால் சுழன்று கழரும். துடுப்பைக் கட்டையில் ஊன்றித் தள்ளாதீர்கள். தகடு வெடிப்பது அப்படித்தான். மற்றக் கயாக் வந்து பின்கயிற்றில் இழுப்பதுதான் கடைசி வழி. அதனால்தான் அணியத்திலும் பின்னணியத்திலும் 3 மீற்றர் கயிறு ஒவ்வொன்று எப்போதும் இருக்கவேண்டும். அது கால்களுக்குள் தொங்கிக் கிடக்காமல் சுருட்டிச் செருகி இருக்கவேண்டும்.

செம்பியன்பற்றாள்
பயணம் எண்டால் நந்திக்கடலை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? நீளமான தண்ணி, அலை இல்லை, ஆழமும் இல்லை. நாயாறும் அப்படித்தான்.

துருசடி
ஆழம் இல்லாததுதான் கரைச்சல். காத்தடிச்சால் சேறு கலங்கி, துடுப்பு சேத்தில குத்தும். தை மாதம் முகத்துவாரம் வெட்டி விட்டிருந்தால் வட்டுவாகல் பக்கம் கடலுக்கு இழுப்பு இருக்கும், பாலத்துக்குக் கிட்ட போகேலாது. இறால் வலை எங்கயும் கிடக்கும். பிறகு, 2017இல அந்தக் களப்பை ஒதுக்கிடமாய் வர்த்தமானியில போட்டிட்டினம், வனசீவராசிகள் திணைக்களத்திட்ட கேக்காமல் இறங்கினால் பிரச்சினை. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, அதுக்கும் அதே கதை.

முள்ளியவளை அக்கா
அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். கடைசிச் சண்டையில அந்தக் களப்புக் கரையில எத்தினை சனம் செத்துப்போனது எண்டு தெரியாதோ? அங்க மீன் பிடிக்கிறவை பிடிக்கட்டும், அது அவையின்ர சோறு. பாட்டுப் போட்டுக்கொண்டு கயாக் ஓடுற இடம் இல்லை அது. ஓடுறதுக்கு வன்னியில வேற தண்ணி நிறையக் கிடக்கு.

செம்பியன்பற்றாள்
அக்கா சொல்லுறது சரி. யோசிக்காமல் எழுதிப்போட்டன். விட்டிடுவம்.

நாலுதுடுப்பு
நாங்களும் அந்தப் பக்கம் போகமாட்டம் அக்கா. சரி, குளம் எண்டே வைப்பம். எந்தக் குளம்? முதலை?

அலைகரை
முதலை எல்லாக் குளத்திலயும் இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு போங்கோ. குளத்து முதலை சும்மா வந்து வள்ளத்தைப் பிடிக்கிற சாதி இல்லை. ஆள் தண்ணிக்குள்ள நிக்கேக்க, குனிஞ்சு கை கழுவேக்க, மீன் வெட்டிக் கழிவு எறியிற இடத்தில, அங்கதான் வில்லங்கம். அருவியாத்து முகத்துவாரம், மேற்குக் கரையோரக் களப்புகளில இருக்கக்கூடியது செம்மூக்கன் (உவர்நீர் முதலை), அது வேற கதை. அங்க கயாக் கொண்டுபோகவே வேண்டாம்.

கரையேறுற இடத்தை முதல் பாக்கோணும். சேத்துக் கரையில வயித்தை இழுத்த மாதிரி வழவழத்த தடம், ரெண்டு பக்கமும் நகம் ஊன்றின குழி, அது முதலை இறங்குற வழி. அந்த இடத்தில இருந்து 50 மீற்றர் தள்ளிப் போங்கோ. மாடு குளிப்பாட்டுற துறை, படிக்கட்டு, கல் அடுக்கின குளக்கட்டு, இப்பிடி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில ஏறி இறங்குறதுதான் புத்தி. கையை தண்ணிக்குள்ள தொங்கவிடாதேங்கோ. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தண்ணியில நிக்காதேங்கோ, அந்த நேரத்துக்கு யானையும் அலைகரைக்கு வரும். யானை நிக்கிற கரைக்கும் உங்களுக்கும் இடையில குறைஞ்சது 100 மீற்றர் தண்ணி இருக்கோணும், காத்து அதில இருந்து உங்களுக்கு அடிக்கிற பக்கமாய் நில்லுங்கோ. மணல்திட்டில கூடாரம் எண்ட கதையை மறந்திடுங்கோ.

எந்தக் குளம் எண்டால்: பழக வவுனிக்குளம், நல்ல விரிவு. காடும் பறவையும் வேணும் எண்டால் முத்தையன்கட்டு. கட்டுக்கரைக்குளம் பரந்த குளம், ஆனால் ஆழம் குறைவு. சல்வீனியா எண்ட மிதக்கிற களையும் தாமரையும் துடுப்பைப் பிடிக்கும், அதோட சரணாலயம்.

துருசடி
அனுமதிக் கதையைச் சொல்லுறன். பெரிய குளம் எண்டால் அந்தப் பிரிவு நீர்ப்பாசனப் பொறியியலாளர் அலுவலகத்தில ஒரு கடிதம் குடுங்கோ: எத்தினை பேர், எத்தினை வள்ளம், திகதி, இறங்குற ஏறுற நேரம், தொலைபேசி இலக்கம். சின்னக் குளம் கமநல சேவை நிலையத்துக்குக் கீழ வரும். பிறகு கமக்காரர் அமைப்பு, நன்னீர் மீன்பிடிச் சங்கம் ரெண்டுக்கும் ஒரு சொல். கடிதத்தை விட இந்தச் சொல்தான் வேலை செய்யும். எங்க வலை கிடக்கு, எங்க கட்டை நிக்கு, எந்த மூலையில யானை எண்டு சங்கத்து ஆக்களுக்கு அத்துப்படி. இரணைமடுவில படையினரின்ர எல்லையும் இருக்கு, அங்க கேக்காமல் கால் வைக்காதேங்கோ.

வலை பின்னேரம் போட்டு விடிய எடுப்பினம். 7 மணிக்கு முதல் இறங்கினால் வலைக்குள்ள மாட்டுவியள். மிதக்கிற போத்தலோ ரெஜிபோமோ வரிசையாய்க் கண்டால் வலை. ரெண்டு மிதவைக்கு நடுவில கயிறு தாழ்ந்திருக்கும், அந்த இடத்தால துடுப்பைத் தூக்கிப்போட்டு வழுக்கிக்கொண்டு போகலாம். கத்தியால வெட்டினால் அடுத்த முறை ஒரு சனமும் உங்களுக்கு வழி சொல்லாது.

துருசுக் கோபுரத்துக்கும் வான்கதவுக்கும் 200 மீற்றர் கிட்டப் போகக்கூடாது. துருசு திறந்திருந்தால் மேல ஒரு சுழியும் தெரியாமல் கீழால இழுக்கும்.

வாடைக்காத்து
காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. குளத்தில் முதலையைவிட காற்றுதான் அதிகம் சிரமப்படுத்தும்.

தையில் வாடை, அதாவது வடகீழ்க் காற்று. காலையில் ஓய்ந்திருக்கும், 10 மணியளவில் எழும்பும், நண்பகலில் பலப்படும். ஆடி ஆவணியில் வருகிறவர்களுக்குச் சோளகம் (தென்மேல் காற்று), அது நாள் முழுக்க அடிக்கும், தண்ணீரும் வற்றி முதலையெல்லாம் ஒரே குழியில் கிடக்கும். அந்த மாதங்கள் வேண்டாம். சித்திரையில் காலை அருமை, பின்னேரம் இடி.

எனவே திட்டம் இப்படி இருக்கவேண்டும்: போகும்போது காற்றுக்கு எதிரே, திரும்பும்போது காற்றோடு. மாறிப் போனால் களைத்த நேரத்தில் எதிர்க்காற்று. காற்று மூன்று கிலோமீற்றர் தண்ணீரைத் தடையில்லாமல் தடவினால் ஒரு அடி உயரத்தில் நெருக்கமான அலை கிளம்பும். திறந்த கனோவுக்குள் அது பக்கத்தால் தெறிக்கும். நடுக்குளத்தால் குறுக்கே போகாமல், கரையிலிருந்து 100 மீற்றருக்குள் சுற்றிப் போங்கள்.

பாரத்தைப் பங்கிடுவதையும் பாருங்கள். எந்த முனை இலேசாக நிற்கிறதோ அதைத்தான் காற்று தள்ளிக்கொண்டு போகும். எதிர்க்காற்றில் தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பை எல்லாம் அணியத்துப் பக்கம் கொஞ்சம் கூடவாக. அப்போது பின்பக்கம் கொடிபோல் தானாகக் காற்றுத்திசைக்குத் திரும்பி, அணியம் நேரே நிற்கும். காற்றோடு திரும்பி வரும்போது பாரத்தைப் பின்னே தள்ளுங்கள். நிறுத்தி மாற்ற இரண்டு நிமிடம்தான் ஆகும். இதைச் செய்யாதவர்கள் மணிக்கணக்கில் ஒரே பக்கம் வலித்துத் தோள் நோகிறார்கள்.

மருதங்கேணி மச்சான்
ரெண்டு பேர் வலிச்சாலும் எனக்கு அது வட்டம்தான் அடிக்குது. ஏன்?

வாடைக்காத்து
ஒற்றைத் தகட்டுத் துடுப்பு என்றால் பின்னால் இருப்பவருடைய வலிப்பு எப்போதும் அணியத்தை மறுபக்கம் திருப்பும். அதை ஒவ்வொரு வலிப்பின் கடைசியிலும் திருத்தவேண்டும். துடுப்பு இடுப்புக்கு நேரே வந்ததும், மேல்கையின் பெருவிரலைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். தகட்டின் வலித்த முகம் வெளிப்பக்கம் பார்க்கும். அப்படியே ஒரு சாண் வெளியே தள்ளிவிட்டுத் தூக்குங்கள். பெருவிரலை மேல்நோக்கித் திருப்பினாலும் திரும்பும், ஆனால் தகடு சுக்கானாக மாறி வேகத்தை அடக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் அநேகர் செய்வது இந்த இரண்டாவதுதான். இரட்டைத் தகட்டுக் கயாக் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. முன்னால் இருப்பவர் தாளம் பிடிக்க, பின்னால் இருப்பவர் அதே பக்கத்தில் அதே நேரத்தில் வலித்தால் போதும்.

நாலுதுடுப்பு
கவிண்டால் ஆற்றங்கரையில மாதிரி நீந்திக் கரைக்குப் போறதோ? முதலை இருக்கிற தண்ணியில அது சரியில்லைத்தானே.

வாடைக்காத்து
கரைக்கு நீந்தக்கூடாது. நடுக்குளத்தில் ஆளை மற்ற வள்ளத்தில் ஒட்டவைத்துத் தண்ணீரிலிருந்து விரைவாக எடுப்பதுதான் வேலை. மேல்இருக்கைக் கயாக் என்றால் புரட்டிப்போட்டு, குறுக்கே நெஞ்சு படுத்து, காலை உதைத்து ஏறி, பிறகு திரும்பி இருக்கலாம்.

திறந்த கனோ என்றால் இரண்டு வள்ளம் வேண்டும், தனிவள்ளமாகப் போகவே கூடாது. கவிழ்ந்த இருவரும் காப்பாற்ற வந்த கனோவின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்வார்கள். கவிழ்ந்த கனோவைக் குப்புறக் கிடந்தபடியே குறுக்காக நிறுத்தவேண்டும். வந்தவர்கள் அதன் ஒரு முனையைத் தங்கள் விளிம்பின்மேல் தூக்குவார்கள். உறிஞ்சிப் பிடித்திருக்கும், அதனால் தண்ணீரில் இருப்பவரில் ஒருவர் மறுமுனையைக் கீழே அமுக்கினால் காற்று உள்ளே போய் இலேசாகும். நடுப்பகுதி வரும்வரை இழுத்தால் தண்ணீர் முழுக்க வடிந்துவிடும். அங்கேயே நிமிர்த்தி, தண்ணீருக்குள் தள்ளி, இரண்டையும் பக்கத்தோடு பக்கமாக ஒட்டி விளிம்பை இறுக்கிப் பிடிக்கவேண்டும். கவிழ்ந்தவர்கள் வெளிப்பக்கத்தால் ஒவ்வொருவராக ஏறுவார்கள். பழகினால் இரண்டு மூன்று நிமிட வேலை. வவுனிக்குளத்துக் கரையோரத்தில் வைத்து முதல்நாளே ஆளுக்கு ஒருமுறை செய்துபாருங்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அதை நீச்சல் தடாகத்தில் செய்துவிட்டு வருவது நல்லது.

லைஃப் ஜக்கெற் 50 நியூட்டன் மிதப்பாவது இருக்கவேண்டும். போட்டு, பட்டிகளை இறுக்கி, தோளில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கவேண்டும். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. சவாரிக்கு விடும் இடங்களில் கொடுக்கும் செம்மஞ்சள் நுரைச்சட்டைகளில் பாதிக்குக் கொழுக்கி பூட்டாது. உங்களுடையதைக் கொண்டுவாருங்கள், பாரமும் இல்லை.

முள்ளியவளை அக்கா
சிவப்புப் பலகையை ஒருத்தரும் சொல்லேல்லை. மண்டையோடு கீறின பலகை, சிவப்பு நாடா, நுனியில சிவப்பு அடிச்ச தடி, எதைக் கண்டாலும் அந்தக் கரையில கால் வைக்கக்கூடாது. மிதிவெடி எடுத்து முடிஞ்ச இடம் எண்டாலும் மழை வெள்ளம் மண்ணை இழுத்துக்கொண்டு வந்து போடும். காட்டுக்கரையில மூத்திரம் பெய்ய உள்ளுக்குப் போறது, விறகு பொறுக்குறது, ரெண்டும் வேண்டாம். துருப்பிடிச்ச இரும்புத் துண்டை எடுத்து ஞாபகத்துக்கு வைக்கிற பழக்கமும் வேண்டாம். கண்டால் தொடாமல் இடத்தைக் குறிச்சு 119க்குச் சொல்லுங்கோ.

அடுத்தது எலிக்காய்ச்சல். வயலுக்குள்ளால வடிஞ்ச தண்ணிதான் குளத்துக்கும் ஆத்துக்கும் வருது. காலில வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதேங்கோ. வர முதல் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில கேட்டால் தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் தேவையோ எண்டு சொல்லுவினம். கமக்காரருக்கு கிழமைக்கு 200 மில்லிகிராம் எண்டு குடுக்கிறவை, ஆனால் தாங்களாய் வாங்கிப் போடாதேங்கோ. திரும்பிப் போய் ஒரு மாதத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு எண்டால் வெளிநாட்டு வைத்தியரிட்ட குளத்துத் தண்ணிக் கதையை முதல் சொல்லுங்கோ. அவை தடிமன் காய்ச்சல் எண்டு அனுப்பிப்போடுவினம்.

அலைகரை
அக்கா சொன்னதோட பாம்பும். கரையில வைச்ச செருப்பைத் தட்டிப்போட்டுப் போடோணும், கவிட்டு வைச்ச கயாக்கை நிமித்தேக்க உங்கட பக்கமாய் இழுக்காமல் மறுபக்கம் உருட்டோணும். புடையன் கடிச்சால் கட்டுப் போடவும் கூடாது, கீறவும் கூடாது. அசையாமல் படுக்கவைச்சு 1990 சுவசெரிய. காட்டுக் கரையில அம்புலன்ஸ் வரச் சுணங்கும் எண்டால் பட்டாவில (சின்ன லொறி) ஏத்தி எதிரே போங்கோ. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூண்டிலயும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கு. இறங்கமுதல் எது கிட்ட எண்டு பாத்து வைச்சிருக்கோணும்.

சாமான் ஏத்திறதுக்கு டிமோ பட்டா காணும். தட்டு 7 அடி சொச்சம்தான், 12 அடி கயாக்கை சரிச்சு கபின் தலைக்கு மேலால எடுக்கோணும். கபின் விளிம்பில பழைய சாக்கை மடிச்சு வைச்சுப்போட்டு, பட்டியால ரெண்டு இடத்தில குறுக்கே இறுக்கி, அணியத்தை முன் கொக்கியிலயும் பின்னை பின் கொக்கியிலயும் கயிறு போட்டுக் கட்டுங்கோ. குறுக்குப் பட்டி மட்டும் எண்டால் ஏ9இல பஸ் ஒண்டு முந்தேக்க வாற காத்தில முன்பக்கம் தூக்கும். பிளாஸ்ரிக் வெயிலில இளகும், மாங்குளத்தில தேத்தண்ணி குடிக்க நிக்கேக்க பட்டியை இன்னொருக்கால் இறுக்குங்கோ. பின்னால நீட்டிக்கொண்டிருக்கிறதுக்குச் சிவப்புத் துணி.

நாலுதுடுப்பு
நன்றி எல்லாருக்கும். இப்ப எங்கட திட்டம்: பொங்கல் முடிஞ்ச மறுகிழமை, ரெண்டு இரட்டைக் கயாக். முதல்நாள் வவுனிக்குளம், 7 மணிக்கு இறங்கி 11க்கு ஏறுறது. ரெண்டாம் நாள் ஓய்வு. மூண்டாம் நாள் முத்தையன்கட்டு, சங்கத்து ஆள் ஒருத்தர் வழிகாட்ட. தந்திரிமலை மட்டம் இறங்கிக்கொண்டு போனால் மட்டும் நாலாம் நாள் அருவியாறு, 6 கிலோமீற்றர், தேக்கம் அணைக்கு மேல. தண்ணி ஆளுக்கு 3 லீற்றர், ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் தூள்) பத்துப் பக்கற், 15 மீற்றர் எறிகயிறு ரெண்டு, ஆளுக்கொரு விசில்.

துருசடி
தேக்கம் அணைக்கு மேல எண்டால் எவ்வளவு மேல? அணை தெரியிற தூரத்துக்கு வந்தாப்பிறகு கரை ஏறப் பாக்கிறது பிந்திப்போகும், தண்ணி வாய்க்காலுக்கும் அணைக்கும் பிரிஞ்சு இழுக்கும். ஒரு கிலோமீற்றருக்கு முதலே ஏறுற இடத்தைக் காலால நடந்து பாத்து, மரத்தில சிவப்புத் துணி கட்டி வையுங்கோ. ஆத்துக்குள்ள இருந்து பாக்கக் கரை எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆறு கிலோமீற்றரை அஞ்சாக்குங்கோ.

அலைகரை
முத்தையன்கட்டில வழிகாட்ட வாறவருக்கு அண்டைய வலைப்பாடு போகும். கூலியை முதலே பேசிக் குடுத்திடுங்கோ. அவருக்கும் ஒரு லைஃப் ஜக்கெற் கொண்டுபோங்கோ, வேண்டாம் எண்டுதான் சொல்லுவார்.